ரோசக் கடன்

இசக்கிராணிக்கு ரோசம் தொண்ணூற்று நான்கு என்று கையில் கிடந்த வளவி சொன்ன அன்றைக்குக் கீழப்பொட்டல் பெண்கள் கை தட்டினார்கள். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி பிரமசக்தி ஒருபடி மேலே போய்க் குலவையே போட்டாள். பின்னாளில் அந்தக் குலவையை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவளுக்கு இருக்கும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு என்ன தெரியும்? அவள் இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தால் பாயசமே வைத்திருப்போம்.

ஊர் அப்படிக் கிடந்தது. பீடிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக மூடிய பிறகு கீழப்பொட்டல் பெண்களின் கையில் வேலையும் இல்லை, பணமும் இல்லை. முருங்கை இலைப் பொடி அடைக்கிற தொழிற்சாலைக்குப் பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் ஆடு வாங்கலாமா, தையல் மிஷின் போடலாமா என்று யோசித்தார்கள். யோசிக்கக் காசு வேண்டாம், வாங்கத்தானே வேண்டும்? டவுனில் இருக்கிற வங்கிக்குப் போனால் நிலம் இருக்கிறதா, நகை இருக்கிறதா, சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைப்பார்கள். ஊரில் கடன் கொடுக்க இருந்தது வட்டிக்காரர் சங்கரபாண்டி ஒருவர்தான். தவணை தப்பினால் அவர் நடுத்தெருவில் நின்று பெண்களின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் ஏலம் போடுவார்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் உதயக்கரை வங்கி வந்தது. பழைய பீடிக்கடை வராந்தாவில் பெண்களை உட்கார வைத்து, தர்ஷன் என்கிற இளம் அதிகாரி பேசினான். நல்ல பையன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கண்ணில் கள்ளம் இல்லை, தான் சொல்வதை அவனே நம்பினான்.

"உங்ககிட்ட சொத்து இல்லைன்னு இதுவரைக்கும் எல்லா பேங்க்கும் சொல்லுச்சு. தப்பு. பெரிய சொத்து ஒண்ணு இருக்கு. அதை அளக்கத்தான் யாருக்கும் தெரியல" என்றான்.

"எங்க வீட்டுக் கோழியச் சொல்லுதீயளோ?" என்று பூலம்மாள் கேட்டாள். பூலம்மாள் எதிலும் முந்திக்கொள்கிறவள். வராந்தாவே சிரித்தது.

அவனும் சிரித்தான். "ரோஷம்க்கா. நாட்டுல கடன் வாங்கின லட்சக்கணக்கான பேரோட விவரத்தை மெஷினுக்குக் கொடுத்துப் பார்த்தோம். யாரு திருப்பிக் கட்டுறா? நிலம் இருக்கிறவன் கட்டல. படிச்சவன் கட்டல. நாலு பேரு ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னு நினைக்கிறவங்கதான் வயித்தைக் கட்டியாவது கட்டுறாங்க. அப்ப எதை நம்பிக் கடன் கொடுக்கணும்?"

பையிலிருந்து ஒரு வளையலை எடுத்துக் காட்டினான். பார்க்கச் சாதாரணக் கறுப்பு வளையல். ஓரிடத்தில் மட்டும், எண் தெரிவதற்காக, நகம் அளவுக்குக் கண்ணாடி மின்னியது.

"அவமானம்னு வரும்போது ரத்த ஓட்டம் மாறும், தோல் வேர்க்கும், சூடு ஏறும். முகத்துல மறைச்சிடலாம். மணிக்கட்டுல முடியாது. ஒரு மாசம் இதைப் போட்டுக்கிட்டு நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. உங்க ரோஷம் நூத்துக்கு எவ்வளவுன்னு இதுவே சொல்லும். அதுக்குத் தகுந்த கடன். பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், குறைஞ்ச வட்டி. முக்கியமா, யாரும் உங்க வாசல்ல வந்து கத்த மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பெண்கள் விழுந்தார்கள். சங்கரபாண்டியின் வாய் பிரமசக்தியின் வாசலிலும் ஒருமுறை நாறியிருக்கிறது. யாரும் கத்த மாட்டார்கள் என்றால் கையை என்ன, கழுத்தையே நீட்டலாம் என்று அவளுக்கு இருந்தது. எட்டுப் பேர் கொண்ட குழுவைச் சேர்த்து அவளே தலைவியானாள். இசக்கிராணி முதலில் தயங்கினாள். "எதுக்கு மயினி நமக்கு?" என்றாள். பிரமசக்திதான் அவள் கையைப் பிடித்து வளவியை மாட்டிவிட்டாள்.

அந்த வளையலுக்கு ரோசவளவி என்று பெண்களே பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஊர் போன போக்கைக் கேளுங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வளவியைக் கேட்டார்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ள வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று பூலம்மாள் அறிவித்தாள். அவள் புருஷனுக்கு ஆசையாக ஒரு வளவி வாங்கிப் போட்டுப் பார்த்ததில் ஒன்பது என்று வந்தது. "என் எம்பதுல இருந்து அவருக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடச் சொல்லியிருக்கேன்" என்று அவள் சமாளித்தாள். ஆம்பிளைகள் பலரும் அந்த லட்சணம்தான். ஆகவே எல்லாக் கடனும் பெண்கள் பெயரில் ஏறியது.

இசக்கிராணியின் தொண்ணூற்று நான்குக்கு வங்கி ஒரு மினி வேன் விலையையே தூக்கிக் கொடுத்தது. அவள் புருஷன் செல்வகணபதி பாவூர்ச்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றினான். ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. மகள் ஹரிணி நர்சிங் கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்புறம் ஒரு மழைநாளில் ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி உருண்டது. செல்வகணபதிக்கு உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. பாரம் அதிகம் என்று சொல்லிக் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது.

தவணை நின்றது. தர்ஷன் சொன்னபடியே யாரும் வந்து கத்தவில்லை. வங்கி பேச்சு மாறவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கத்தவில்லை, ஆனால் இசக்கிராணியின் ஓரகத்தி தங்கபுஷ்பத்தின் போனுக்கு ஒரு செய்தி போனது. 'உங்கள் உறவினர் இசக்கிராணி சிறு சிரமத்தில் இருக்கிறார். உங்களைப் போன்ற நெருங்கியவர்களின் ஆறுதல் அவருக்கு ஊக்கம் தரும்.' அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை உண்டா? மிரட்டல் உண்டா? இல்லை.

தங்கபுஷ்பத்துக்கும் இசக்கிராணிக்கும் ஒரு பொதுச்சுவர் காரணமாகப் பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம் ஆகிறது. அவள் அன்று சாயங்காலமே பட்டுச்சேலை கட்டி, தூக்குச்சட்டியில் பாயசத்தோடு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "பாவம், எங்க ராணிக்குக் கஷ்டமாம், பேங்க்காரனே எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடையில் உட்கார்ந்து, சுவர்ச் சுண்ணாம்பைப் பார்த்து, படுக்கையில் கிடந்த கொழுந்தனைப் பார்த்து, "நீ ஒண்ணும் கவலப்படாத ராணி, நான் இருக்கேம்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சங்கரபாண்டி நடுத்தெருவில் நாள் முழுக்கக் கத்தினாலும் இந்தப் பாயசத்துக்கு ஈடாகாது.

அடுத்த தவணைக்கும் தங்கபுஷ்பத்துக்குச் செய்தி போனது. அதற்கடுத்ததற்கும் போனது. ஒவ்வொரு முறையும் தூக்குச்சட்டி வந்தது.

ஒரு நாள் இசக்கிராணி வீட்டில் இல்லை. அவள் எங்கே போனாள், எதற்குப் போனாள் என்பதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பிரமசக்திக்கு உள்ளுக்குள் தட்டியது, ஓடினாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பிரமசக்தி அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி, ஒன் மகளை நினைச்சியா? அந்தக் கெடையில கெடக்குத மனுசனை நினைச்சியா?"

"எல்லாத்தையும் நினைச்சேன் மயினி. அவ சட்டியோட படி ஏறுத சத்தந்தான் முன்னால வந்து நிக்கி."

அன்றைக்கு பிரமசக்தி ஒரு முடிவு எடுத்தாள். என்ன ஆனாலும் சரி, இவள் சாகக்கூடாது. இவள் கழுத்தில் இந்தக் கடனை முடிச்சுப் போட்டது நான்தான், நானேதான் அவிழ்க்க வேண்டும்.

மறுநாள் அவள் தர்ஷனைப் பிடித்துக்கொண்டாள். பீடிக்கடை வராந்தாவில் வேறு யாரும் இல்லை. "அவளுக்கும் தங்கபுஷ்பத்துக்கும் ஆகாதுன்னு ஒங்களுக்கு யாரு சார் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. வளவிதான்" என்றான். "யாரைப் பார்க்கும்போது கை அதிகமாச் சுடுதுன்னு அது கத்துக்கும். அந்த ஆளுக்குத்தான் செய்தி போகும். நான் அனுப்புறதில்ல. எனக்கே பிறகுதான் தெரியும்."

"நல்லாருக்கு சார். வாசல்ல வந்து கத்த மாட்டோம்னிய. வயித்துக்குள்ள வந்துல்லா கத்துதிய?"

அவன் தலையைக் குனிந்தான். அவன் கையிலும் ஒரு வளவி இருந்ததை அப்போதுதான் பிரமசக்தி பார்த்தாள். அது என்ன எண் காட்டியதோ.

"இதுல இருந்து அவ வெளிய வர வழியே இல்லையா?"

"கட்டணும். இல்லைன்னா..." அவன் இழுத்தான். "இருபதுக்குக் கீழ போனா மெஷின் விட்டுரும். ரோஷம் இல்லாதவங்க பின்னால அலையறது வங்கிக்கு நஷ்டம்னு கணக்கு. கடன் தீர்ற வரைக்கும் கழலாத வளவி தானாக் கழண்டுரும், மெஷின் கடனைக் குழுத்தலைவி பேருக்கு மாத்திரும். ஆனா அப்படி யாரும் போனதில்லக்கா. இருக்கிற ரோஷத்தை எப்படிக் குறைப்பீங்க?"

"என் பேருக்குத்தான வரும்?"

"உங்க பேருக்குத்தான்."

"வரட்டும். நான் நல்லா இருக்கேன், ரெண்டு கை இருக்கு. எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல சம்பாதிக்காரு. குழுவுல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தருவாளுக." பிரமசக்தி எழுந்தாள். "குறைக்குத வித்தைய எங்கிட்ட விடுங்க சார். வெக்கத்த வளக்கத்தான் பதினாறு வருசம் ஆவும். கெடுக்க எம்புட்டு நேரம்?"

அவ்வளவு லேசாக இல்லை. இசக்கிராணியைக் குழாயடி வரிசையில் முந்தச் சொன்னால் முந்தினாள், ஆனால் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். காப்பித்தூள் கடன் வாங்கித் திருப்பித் தராதே என்றால், ராத்திரியோடு ராத்திரியாக அந்த வீட்டுச் சன்னலில் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தாள். எண் தொண்ணூறை விட்டு இறங்கவே மாட்டேன் என்றது. "ஒன்னய வச்சிக்கிட்டு ஒரு திருட்டுக்கூடப் பண்ண முடியாதுட்டி" என்று பிரமசக்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கபுஷ்பத்தின் மகள் பெரியவளானாள். சடங்குக்குப் பந்தல் போட்டார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்காளி வீட்டுச் சடங்குக்குப் பெண்ணின் சின்னம்மைக்காரியை, அதாவது சித்தியை, வீட்டுக்கு வந்து வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். வெற்றிலை வைக்காத வீட்டுக்குப் போவதைவிட அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவது மேல். அழையாத பந்தியில் உட்கார்ந்தவர்களைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். தங்கபுஷ்பம் ஊர் முழுக்க வெற்றிலை வைத்தாள், இசக்கிராணி வீட்டை மட்டும் தாண்டிப் போனாள்.

"கெளம்புட்டி" என்றாள் பிரமசக்தி.

"எங்க?"

"சடங்கு வீட்டுக்கு. மொதப் பந்திக்கு."

இசக்கிராணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மயினி, அதுக்கு நீங்க என்னய அன்னைக்கே விட்டுருக்கலாம்."

"விட மாட்டேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? வா."

பிரமசக்திக்கு வெற்றிலை வைத்திருந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள், இசக்கிராணி பின்னால் வந்தாள். பந்தலில் மேளம் நிற்கவில்லை, ஆனால் பேச்சு நின்றது. இசக்கிராணி தலையைக் குனிந்துகொண்டே போய் முதல் வரிசை இலையில் உட்கார்ந்தாள். பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு வரிசைக்குப் போனாள்.

தங்கபுஷ்பம் வந்து நின்றாள். பட்டு சரசரத்தது. "யாரும் வெத்தல வச்சாங்களா ராணி ஒனக்கு? எனக்கு ஞாவகமே இல்லையே."

இசக்கிராணி இலையில் தண்ணீர் தெளித்தாள்.

"வீட்டுல பொங்கலயோ? சொல்லியிருந்தா வாளியில ஊத்தி அனுப்பியிருப்பேம்லா. பேங்க்காரனே எங்கிட்டதான் சொல்லுதான் ஒன் கஷ்டத்த."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரமசக்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இலைக்குக் கீழே அவள் கையைப் பிடித்தாள். வளவி கொதித்தது. தொண்ணூற்றெட்டு. இவள் நெஞ்சு இங்கேயே வெடித்துவிடும், நானே கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று பிரமசக்தி பயந்தாள்.

"எந்திரிச்சிராதட்டி" என்று காதில் சொன்னாள். "அவளப் பாரு. நல்லா நிமிந்து அவ மொகத்தப் பாரு. பாத்துக்கிட்டே தின்னு."

இசக்கிராணி நிமிர்ந்தாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் சாம்பாரில் விழுந்தது, அதையும் சேர்த்தே தின்றாள். ஒரு கவளம், இன்னொரு கவளம். பிறகு ஏதோ ஆனது. அவள் தோள் இறங்கியது. மூச்சு ஒரு சீராக வந்தது. தங்கபுஷ்பத்தைப் பார்த்து, "வடை தீந்துட்டாக்கா? இங்கன ரெண்டு வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

தங்கபுஷ்பம் பட்டுத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பால் போனாள். பிரமசக்தி வளவியைத் திருப்பிப் பார்த்தாள். எண் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும்போது இருவரும் தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "அவ மூஞ்சியப் பாத்தியாட்டி! வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி!" என்று பிரமசக்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு இசக்கிராணி நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மயினி, உள்ள என்னமோ அறுந்துட்டு" என்றாள்.

"அறுந்தா நல்லதுதான். அதுதான ஒன்னய இழுத்துச்சு."

பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? குழாயடியில் முந்தினாள். வாங்கின காப்பித்தூளை மறந்தாள். தங்கபுஷ்பம் பாயசத்தோடு வந்தபோது வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த தடவை ஏலக்காய் கூடப் போடு என்றாள். தங்கபுஷ்பம் அதோடு வரவில்லை. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது வளவி தானாகவே கழன்று முறத்தில் விழுந்தது.

கடன் பிரமசக்தி பெயருக்கு வந்தது. அவள் அசரவில்லை. தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டும் பார்த்தாள், திருப்பூரிலிருந்து வந்ததைப் போட்டாள். இசக்கிராணி உயிரோடு இருக்கிறாள், உண்கிறாள், உறங்குகிறாள். அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று நினைத்தாள். அப்படி நினைத்த வரைக்கும் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஹரிணி விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்த நிம்மதியில் ஓட்டை விழுந்தது. பிள்ளை அத்தை வீட்டு அடுப்படியில் வந்து நின்று அழுதாள். "அத்தே, அம்மா அப்பாவுக்குத் துணி மாத்தவே இல்ல. கதவத் தெறந்து போட்டு அப்படியே படுக்க வச்சிருக்கு. தெருவுல போறவங்கெல்லாம் பாக்காங்க. ஏம்மான்னு கேட்டா, பாத்தா பாக்கட்டும், இப்ப என்னங்குது."

பிரமசக்தி ஓடிப்போய்ப் பார்த்தாள். செல்வகணபதி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். அவனுக்கு ரோசம் இருந்தது, அவனால் எழுந்து கதவைச் சாத்தத்தான் முடியவில்லை. இசக்கிராணி பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். "வாங்க மயினி, கடலை தின்னுதியளா?" என்றாள். கோபம் இல்லை, வன்மம் இல்லை. பிரமசக்தி தண்ணீர் எடுத்து வந்து தானே அவனைத் துடைத்துவிட்டாள். துடைக்கும்போது அவள் கைவளவி சுட்டது. நான் கெடுக்கச் சொன்னது கடன்காரிக்கு இருந்த வெட்கத்தை, இது எல்லாவற்றையும் சேர்த்தல்லவா கொண்டுபோய்விட்டது? அன்றைக்குப் பிறகு இசக்கிராணியை எதிரே பார்த்தால் பிரமசக்தி வேறு தெருவில் திரும்பினாள்.

வழி தெரிந்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பூலம்மாள்தான் முதலில் போனாள். அழையாத கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனாள், மொய்யும் வைக்கவில்லை. எண்பது எட்டானது. ஐம்பதுக்குக் கீழே கை நனைக்காதவள்தான் அவள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கீழப்பொட்டலில் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் போனது, செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கிற பழக்கம் போனது, யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் மேய்த்தவள் சிரித்தாள். பந்தல் போட்டால் வெற்றிலை வைக்க ஆளில்லை, எப்படியும் வரத்தானே போகிறார்கள். குழுவில் ஏழு வளவியும் கழன்றன. ஏழு கடனும் தலைவியின் தலையில் வந்து உட்கார்ந்தன.

"ஆளுக்குக் கொஞ்சம் தாங்கட்டி" என்று பிரமசக்தி வீடு வீடாகப் போனாள்.

"நீங்களும் கழத்திர வேண்டியதான மயினி" என்றாள் பூலம்மாள். "ஒலகமே எறங்கிட்டு. நீங்க மட்டும் எதுக்கு மேல நின்னு வேக்குதிய?"

அவளும் முயன்று பார்த்தாள், இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து ஊரில் முன்பின் தெரியாத ஒரு கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் போனாள். பன்னீர் தெளித்த சின்னப் பெண், "நீங்க மாப்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டது. பிரமசக்தி திரும்பி நடந்தாள். வீடு வந்து சேரும் வரைக்கும் காது சுட்டது. ஊரையே இறங்க வைத்தவளுக்குத் தான் ஒருத்தி இறங்கத் தெரியவில்லை.

தவணை தப்பியது. அவள் பயந்ததற்கு மாறாக யாருடைய போனுக்கும் செய்தி போகவில்லை. தர்ஷனைத் தேடினாள், அவன் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஊரில் இசக்கிராணியையும் சில நாட்களாகக் காணவில்லை. டவுனில் பயிற்சி என்று யாரோ சொன்னார்கள். என்ன பயிற்சி என்று பிரமசக்தி கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலை, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில், "மயினி" என்று குரல் கேட்டது. இசக்கிராணி நின்றாள். நீலச்சேலை, தோளில் பை, கழுத்தில் படம் போட்ட அட்டை. நன்றாகத் தலை வாரி, பூ வைத்திருந்தாள். பார்க்க லட்சணமாக இருந்தாள்.

"உதயக்கரை வங்கியில இருந்து வாறேன் மயினி. எனக்கு வேல போட்டுக் குடுத்துட்டாங்க. மாசச் சம்பளம்."

பிரமசக்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஒனக்கு எப்படிட்டி?"

"இருபதுக்குக் கீழ எறங்கினவுகளா பாத்துத்தான் எடுக்காங்க. ரோசம் உள்ளவங்கள வசூலுக்கு அனுப்பினா, கடன்காரங்களப் பாத்து அழுதுட்டுத் திரும்பி வந்துருதாங்களாம். அந்த தர்ஷன் சார் அப்படித்தான் வேலைய விட்டாராம்." ஒப்பிக்கிற குரலில் இல்லை. ஊர்க்கதை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். "ரெண்டு தவண நிக்கி மயினி. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதுல ஒரு கடன் ஒன்னோடதுட்டி."

"ஆமா. வேனுக்கு வாங்கினது."

"ஊருல இத்தனை பேரு கழத்திப் போட்டாளுவ. எங்கிட்ட வர ஒன்னயத்தான் அனுப்பணுமா அவனுக?"

"நான் கேக்கல மயினி. ஒங்க வளவிதான் சொல்லியிருக்கு. யாரப் பாத்தா ஒங்களுக்குக் கை ரொம்பச் சுடுதுன்னு பாத்திருக்காங்க. என் பேரு வந்திருக்கு." இசக்கிராணி நிஜமாகவே வியப்போடு சிரித்தாள். "எதுக்கு மயினி? நீங்க எனக்கு நல்லதுதான பண்ணுனிய?"

பிரமசக்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி ராணி, ஒன் உசுரக் காப்பாத்தத்தான்டி எல்லாம் பண்ணுனேன். எங்கிட்டயே வந்து கைய நீட்டுதியே, ஒனக்கு வெக்கமா இல்லையா?"

இசக்கிராணி பையைக் கீழே வைத்தாள். கேள்வியை மதித்து, நெஞ்சில் கை வைத்து, தொலைந்த கம்மலைத் தேடுகிறவள் போல உள்ளே தேடிப் பார்த்தாள்.

"இல்ல மயினி" என்றாள். "இருந்தா சொல்ல மாட்டனா?"

அதைக் கேட்டதும் பிரமசக்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஐயோ, நான் பிழைக்க வைத்தது யாரை? ஒருத்தியைச் சாகாமல் இழுத்துக்கொண்டு வந்தேனே, வந்தவள் அவள் இல்லையே. அழ அழ மணிக்கட்டு நெருப்பாகச் சுட்டது. கையை உதறினாள். அப்போதுதான் அவளுடைய வளவி, தேன் குழைத்த பெண் குரலில் பேசியது.

"வாழ்த்துகள் பிரமசக்தி. உங்கள் ரோஷம் தொண்ணூற்றொன்பது. இந்த மாவட்டத்திலேயே அதிகம். உங்கள் கடன் தகுதி உயர்ந்துள்ளது. பழைய தவணைகளை அடைக்கப் புதிய கடன் தயாராக இருக்கிறது. சம்மதம் என்றால் கட்டைவிரலை வையுங்கள்."

இசக்கிராணியின் முகம் மலர்ந்தது. நடை ஏறி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாத்தியளா, வழி பொறந்துட்டு. நான்கூட எப்படிக் கட்டப்போறியளோன்னு நினைச்சேன்."

பிரமசக்தி கட்டைவிரலை வளவிக்குக் கொண்டுபோனாள். விரல் கண்ணாடியில் படாமல் வழுக்கி வழுக்கிப் போனது. மறுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுத்தால் நாளைக்கும் இவள் வருவாள், பூ வைத்துக்கொண்டு, இதே சிரிப்போடு வருவாள். அதை நினைக்க முடியவில்லை.

"கை ஆடுது மயினி" என்றாள் இசக்கிராணி. "இருங்க, நான் பிடிச்சிக்கிடுதேன்." பிரியமாகத்தான் பிடித்தாள். விரலை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, சத்தம் வரும் வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தாள்.